என்ன வரிசை என்று பிறகு கேட்கலாம்

ரொறொன்ரோவுக்கு வந்த மூன்றாம் நாள் காலை தம்பியின் ஃபோன் அடித்தது. மேல்மாடியில் முகம் வழித்துக்கொண்டிருந்தவன், பாதி முகம் சவர்க்கார நுரையோடு படிகளில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தான். ஐம்பது வயது மனிசன் இப்படி ஓடினால் ஏதோ செத்தவீட்டுச் செய்தி என்றுதானே நினைப்போம். எடுத்துக் கேட்டால், மறுபக்கத்தில் ஒருத்தன் வீட்டின் காற்றுக் குழாய்களைத் துப்புரவாக்கித் தரட்டுமா என்று கேட்கிறான். தம்பி அவனோடு மரியாதையாகக் கதைத்து, வேண்டாம் என்று சொல்லி, நன்றியும் சொல்லி வைத்தான். கால் மணித்தியாலம் போகவில்லை, கம்பளம் கழுவுகிறவர்களின் அழைப்பு. அதற்கும் அதே ஓட்டம்.

அவன் வேலைக்குப் போன பிறகு மச்சாளைக் கேட்டேன். மச்சாள் என்றால் தம்பியின் பெண்சாதி ஜெயந்தி.

"உவனுக்கென்ன விசரே?"

"எந்த நம்பர் எண்டாலும் எடுப்பார் அக்கா. கோயிலுக்கை கூட ஃபோனை நிப்பாட்டமாட்டார். ஐயர் ரெண்டு தரம் ஏசிப்போட்டார்."

"எப்ப தொடக்கம் இந்தக் கூத்து?"

அவள் தேத்தண்ணியை ஆற்றி என் கையில் தந்தாள். "உங்கடை அந்தக் கோலுக்குப் பிறகுதான்," என்றாள்.

அந்தக் கோல், அதாவது அந்த ஃபோன் அழைப்பு, என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவள். கலியாணம் கட்டவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்றிருந்த ஒரே உரித்து இந்தத் தம்பிதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி அவனைக் கனடாவுக்கு ஏற்றி அனுப்பினதும் நான்தான். சண்டை முடிந்த கையோடு எங்களையெல்லாம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் கொண்டுபோய் விட்டார்கள். தண்ணிக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. சங்கக்கடை மேசைக்கு உள்ளே இருந்து முப்பது வருஷம் வரிசையை அதட்டினவள், இப்போது வெளியே நின்றேன். அங்கே எல்லாருக்கும் ஒரு பழக்கம் பிடித்துவிட்டது. நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கக் கண்டால் ஓடிப்போய்க் கடைசியில் நின்றுவிடுவோம். என்ன வரிசை என்று பிறகு கேட்கலாம். இடம் போனால் போனதுதான்.

அப்படி ஒருநாள் நின்ற வரிசை ரெலிபோன் வரிசை. விடிய நின்றவளுக்குப் பின்னேரம்தான் முறை வந்தது. ஆளுக்கு ஒரேயொரு கோல். பாடமாக்கி வைத்திருந்த தம்பியின் நம்பரை அழுத்தினேன். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. பின்னால் நின்ற சனம் "அக்கா, விடுங்கோ அக்கா" என்று நெருக்கியது. எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நினைத்தால் காது சுடும்.

அந்தக் கோலின் மறுபாதியை ஜெயந்தி சொல்லித்தான் அறிந்தேன். அவன் அப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை. உள்ளே போகும்போது ஃபோனை லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். வேலை முடிந்து திறந்து பார்த்தால் இலங்கை நம்பர் ஒன்று எடுபடாமல் கிடந்திருக்கிறது. திருப்பி அடித்தால் போகவில்லை. அடுத்த நாள் போய், ஃபோனைக் கையோடு வைத்திருக்க விடச்சொல்லி மேலாளரிடம் கேட்டிருக்கிறான். அவர் முடியாது என்றிருக்கிறார். பன்னிரண்டு வருஷத்து வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்து ஃபோனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டான். இப்போது பார்சல் வான் ஓட்டுகிறான். அதில் யாரும் ஃபோனைப் பூட்டச் சொல்வதில்லை.

"இருபத்திமூண்டு நாள் அக்கா," என்றாள் ஜெயந்தி. "நீங்கள் திருப்பி எடுக்குமட்டும் ஒழுங்காச் சாப்பிடேல்லை. நீங்கள் இல்லையெண்டே நினைச்சிட்டார்."

குடிக்காமல் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். ஏனென்றால் அவளுக்கும் தெரியாத, தம்பிக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். முதல் கோல் எடுத்து நாலாம் நாள் எனக்கு இன்னொருமுறை ரெலிபோன் கிடைத்தது. நான் அவனுக்கு எடுக்கவில்லை. அக்கா இருக்கிறாளோ செத்தாளோ என்று பார்க்காதவனுக்கு நான் ஏன் எடுக்க என்ற வீறாப்பு. கொழும்பில் இருந்த சிநேகிதி ஒருத்திக்கு எடுத்து, மாற்றுடுப்பும் சவர்க்காரமும் அனுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு அந்த ரெலிபோன் பழுதாகிப்போனது. திருத்த பத்தொன்பது நாள் எடுத்தது.

இதைச் சொல்லாமல் ஊர் திரும்பக்கூடாது என்று அந்த அடுப்படியிலேயே முடிவெடுத்தேன். முடிவெடுப்பது லேசு. ரொறொன்ரோ வந்த நாலாம் நாள் தம்பி என்னை அஜின்கோர்ட்டில் தமிழ்க் கடைகளுக்குக் கூட்டிப்போனான். முருங்கைக்காய், ஒடியல் மா, கருவாடு என்று எங்கள் சந்தையில் காணாததெல்லாம் அங்கே கண்ணாடிக்குள் இருந்தன. நான் வன்னியால் வந்தவள் என்று கேள்விப்பட்ட கடைக்காரர் காசு வாங்க மறுத்து, சுடச்சுட ரெண்டு மட்டன் ரோல்ஸைக் கையில் திணித்தார். "சாப்பிடுங்கோ அக்கா, சாப்பிடுங்கோ," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ரோல்ஸைப் பிடித்துக்கொண்டு நின்று எப்படித் தம்பியிடம் அந்தக் கதையை எடுப்பது? ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் அவன் வேலையால் களைத்து வந்தான். எனக்குச் சாட்டுக்குக் குறைவில்லை.

"அக்கா, கண்காட்சி ஒண்டு நடக்குது, ஏரிக்கரையிலை," என்றான் அன்றைக்குச் சாப்பிடும்போது. "ஒவ்வொரு கோடை முடிவிலையும் போடுவினம். ஊர்ப்பட்ட சனம் வரும். நாளைக்கு லீவு போட்டிருக்கிறன், போவம்."

"வாற சனி ஞாயிறு போவமே. ஜெயந்திக்கும் லீவெல்லே?"

"இல்லை அக்கா, நாளைக்கே போவம். சனி ஞாயிறிலை அங்கை தலைக்கு மேலாலை பிளேன் விட்டு வித்தை காட்டுவினம்."

குண்டு போட வருகிற பிளேன் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்கு ஓடின சனம் நாங்கள். அவனுக்கு அது தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டு, என் தம்பி நல்லவன் என்று நினைத்தேன்.

மில்லிக்கனில் தம்பியின் வீட்டு வாசலில் கார் நிற்க, பஸ், சுரங்க ரயில், கடைசியில் தெருவில் தண்டவாளம் போட்டு ஓடுகிற ஸ்ட்ரீட்கார் என்று மூன்று மாறிப் போனோம். கார் விட இடம் கிடைக்காதாம். ஸ்ட்ரீட்கார் ஒரு சந்தியில் நின்றது. சாரதி பெண்பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும். ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கி, நடுத்தெருவில் தண்டவாளத்தை நெம்பித் திருப்பிவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து ஏறினாள். எனக்கு எழுந்து கைதட்டவேண்டும் போல இருந்தது. நாலு நிமிஷம் போயிருக்காது, தண்டவாளத்தில் ஒரு லொறிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டான். எங்கள் பஸ்ஸாக இருந்தால் இதற்குள் கொண்டக்டர் அவனுடைய பரம்பரையையே இழுத்திருப்பான். இங்கே அவள் மணியை டிங் டிங் என்று அடித்துவிட்டு இருந்தாள். "பரவாயில்லை, மாடுகள் எங்கேயும் ஓடிப்போகாது," என்று பின்சீட்டில் ஒரு கிழவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

இதுதான் சமயம் என்று தம்பியின் பக்கம் திரும்பினேன். "தம்பி, அந்த முகாமிலை..." என்று தொடங்கினேன். அவன் முகம் சட்டென்று கறுத்தது. "அக்கா, இண்டைக்கு வேண்டாமே," என்றான். பிறகு லொறி நகர்ந்தது.

மாடு என்று கிழவர் சொன்னது பகிடிக்கில்லை. கண்காட்சிக்குள் போனதும் முதலில் மாட்டுக் கொட்டகைதான். கொட்டகை என்று சொல்லலாமோ தெரியாது, எங்கள் ஆஸ்பத்திரி அந்தத் துப்புரவில் இருந்ததில்லை. ஒரு பெட்டை பசுவின் வாலைச் சீவி, தலைமயிர் காயவைக்கிற மெஷினால் காற்றடித்துக்கொண்டிருந்தாள். பசு கண்ணை மூடிச் சுகம் அனுபவித்துக்கொண்டு நின்றது. "போட்டிக்கு வெளிக்கிடுது," என்றான் தம்பி. கலியாணப் பெண்ணுக்கும் இவ்வளவு நேரம் செலவழிக்கமாட்டார்கள். எத்தனை லீற்றர் பால் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். அவள் சொன்ன கணக்கை நம்பாமல் திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னாள். "தொட்டுப் பாருங்கள்," என்று பசுவின் நெற்றியை என் கைக்குக் கொண்டுவந்தாள். இளஞ்சூடாக இருந்தது. எனக்கு ஏனோ கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். உயிருள்ள ஒன்றை இவ்வளவு பக்குவமாகப் பார்க்கிற சனத்துக்கு நடுவில் நிற்கிறேன் என்ற சந்தோஷம்.

அடுத்த மண்டபத்தில் கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் வெண்ணெயில் சிலை செதுக்கியிருந்தார்கள். முழு ஆள் உயரம். எங்கள் சங்கக்கடைக்கு மாசத்தில் ஒருதரம் மாஜரின் வந்தால் பெருநாள் மாதிரி. இங்கே வெண்ணெயில் மூக்கு வைத்து, காது வைத்து, சப்பாத்துக்கு நூலும் கட்டியிருக்கிறார்கள். கோபப்படவேண்டும் என்று நினைத்தேன், கோபம் வரவில்லை. வடிவாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே ஒரு கடையில் வெண்ணெயை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, "ஐயோ, உதைத் தின்னவும் ஆள் இருக்கே?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன்னால் நின்ற ஒரு தடித்த மனிசன் திரும்பிப் பார்த்து, தமிழ் தெரியாமலே வெட்கப்பட்டுச் சிரித்தான்.

சுட்ட சோளம் ஆளுக்கொன்று சாப்பிட்டோம். தம்பி அம்மாவின் பல்லு மாதிரி வரிசையாக இருக்கிறது என்று என் சோளத்தைக் காட்டிச் சிரித்தான். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரிக்கக் கண்டது அப்போதுதான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறுதலாகச் சொல்லுவோம் என்று அந்தச் சோளத்தோடு அதையும் விழுங்கினேன்.

"இஞ்சை குட்டி டோனட் எண்டு ஒண்டு, மெஷினிலை சுட்டு விழும். அதை நீங்கள் சாப்பிடாமல் போகேலாது," என்று சொல்லி, என்னை ஒரு மேப்பிள் மரத்துக்குக் கீழே நிற்பாட்டினான். "அசையாதேங்கோ அக்கா. பத்து நிமிஷத்திலை வாறன்."

நான் அசையமாட்டேன் என்றுதான் சொன்னேன். சத்தியமாக அசையாமல்தான் நின்றேன். பத்து நிமிஷம் பதினைந்தானது. மரத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கயிறு கட்டி, சனம் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பது தெரிந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தை விட்டு என் கண் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறு யாராவது வந்துவிடுவார்கள். முகாமை விட்டு வந்து ஒரு வருஷமாகியும் என் கால்களுக்கு அது தெரியவில்லை. நான் போய் நின்றுவிட்டேன்.

நின்ற பிறகுதான் புத்தி வந்தது. வெளியே வருவோமா என்று திரும்பினால் எனக்குப் பின்னால் அதற்குள் ஏழெட்டுப் பேர். இவ்வளவு பேருக்கு முன்னால் கிடைத்த இடத்தை விடுவதா? எனக்கு முன்னால் வெள்ளை மயிரும் சிவப்புச் சட்டையுமாக ஒரு கிழவி நின்றாள். என் வயதுக்குக் கொஞ்சம் கூட.

"மன்னிக்கவேண்டும். இது என்னத்துக்கு வரிசை?" என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியாமலா நிற்கிறாய்?"

"ஓம்," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கயிறு ஆடியது. பெயர் ஹெலெனாவாம், போலந்துக்காரி. அவளுடைய இளமையில் அங்கேயும் இறைச்சிக்கு வரிசை, சப்பாத்துக்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசையாம். "முதலில் நிற்போம், என்ன தருகிறார்கள் என்று பிறகு கேட்போம். ஒருநாள் மூன்று மணித்தியாலம் நின்று பார்த்தால், அது ஒரு செத்தவீட்டுக்கு அஞ்சலி செலுத்துகிற வரிசை. யாரென்றே தெரியாத மனிசனுக்கு அழுதுவிட்டு வந்தேன்." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பூமிப்பந்தின் மறுபக்கத்தில் எனக்கு ஒரு சொந்தக்காரி இருந்திருக்கிறாள்.

வரிசை கம்பியில் தொங்கிப் போகிற கதிரைக்கு. ரெண்டு பேர் இருக்கிற கதிரை, கண்காட்சிக்கு மேலால் போகும். என்னிடம் ரிக்கற் இல்லை. ஹெலெனா தன்னிடமிருந்த ஒன்றைக் கிழித்துத் தந்தாள். "பேரன் வருவதாகச் சொல்லி வரவில்லை. நீ வா," என்றாள். அவளுடைய முறை வருவதற்குள் தம்பி வந்துவிடுவான், கூப்பிட்டுச் சொல்லலாம் என்று மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் வரவில்லை, முறை வந்துவிட்டது. சரி, சுற்றிக்கொண்டு திரும்ப இங்கேதானே இறக்குவார்கள், அஞ்சு நிமிஷ வேலை என்று ஏறி இருந்தேன். இரும்புக் கம்பி மடிக்கு மேல் விழுந்து பூட்டிக்கொண்டது.

கால் நிலத்தை விட்டது. பக்கத்தில் நீலமாக ஏரி, கரை தெரியாத ஏரி. கீழே குடைகள், மாட்டுக் கொட்டகைக் கூரை, பொரித்த வெண்ணெய்க்காரனின் புகை. இவ்வளவு உயரத்தில் இருந்து, பயமில்லாமல், ஒரு ஊரைப் பார்ப்பது என் வாழ்க்கையில் முதல்தரம். கடவுளே, இதையும் காட்டினாயே என்று கும்பிட்டேன்.

"திரும்பி எந்தப் பக்கத்தால் வரும்?" என்று ஹெலெனாவைக் கேட்டேன்.

"திரும்பி வராது. அந்தத் தொங்கலில், கம்பி முடிகிற இடத்தில் இறக்கும்."

அந்தத் தொங்கல் அரை மைல் தூரத்தில் தெரிந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் கீழே மேப்பிள் மரத்தடியில் தம்பியைக் கண்டேன்.

ஒரு கையில் கடதாசிப் பை. மறு கையில் ஃபோன். அங்குமிங்கும் பார்க்கிறான். நாலடி நடக்கிறான், திரும்ப மரத்தடிக்கே வருகிறான். "தம்பீ! தம்பீ!" என்று என் சங்கக்கடைக் குரலில் கத்தினேன். கீழே நின்ற ஊர்ப்பட்ட சனமெல்லாம் எனக்குக் கைகாட்டியது, அவனைத் தவிர. அவன் மேலே பார்க்கவேயில்லை. கையிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த இருபத்திமூன்று நாளும் அவன் எப்படி நின்றிருப்பான் என்பதைக் கண்ணால் கண்டேன். ஜெயந்தி சொல்லிக் கேட்டது வேறு. இது வேறு. கதிரை ஆறுதலாகப் போனது. நான் கழுத்தைத் திருப்பித் திருப்பி, அவன் தலை புள்ளியாகும் மட்டும் பார்த்தேன். ஹெலெனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

இறங்கியதும் அவளுடைய ஃபோனைக் கேட்டு வாங்கினேன். முகாமில் பாடமாக்கின அதே நம்பர். அவன் அதை மாற்றவேயில்லை. அழுத்திவிட்டுக் காதில் வைத்தேன். முதல் மணி முழுதாக அடித்து முடியவில்லை, எடுத்துவிட்டான். தெரியாத நம்பர், தெரியாத ஆள், ஆனால் ஹலோ என்று அவன் சொல்லவில்லை.

"அக்கா?" என்றான்.

"ஓம் தம்பி. நான்தான்."

அவன் மூச்சு விட்டது கேட்டது. இனி ஆறுதலாகச் சொல்லுவோம் என்று நான் வைத்துக்கொள்ளவில்லை. "தம்பி, எனக்கு முகாமிலை ரெண்டாந்தரமும் ஃபோன் கிடைச்சதடா. நாலாம் நாளே கிடைச்சது. உன்னிலை கோவத்திலை நான் உனக்கு எடுக்கேல்லை. கொழும்புக்கு எடுத்தனான். நீ பட்ட பாடெல்லாம் என்னாலைதான். என்னை மன்னிச்சிடு அப்பன்."

ராட்டினப் பாட்டு மட்டும் கேட்டது, அவனுடைய பக்கத்தில் ஒன்று, என்னுடைய பக்கத்தில் ஒன்று. ஹெலெனா எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றாள்.

"சரி அக்கா," என்றான் கடைசியில். "இப்ப எடுத்திட்டியள்தானே. எங்கை நிக்கிறியள்?"

சொன்னேன். "அசையாதேங்கோ," என்றான். "இந்தமுறை உண்மையா அசையாதேங்கோ."

ஹெலெனா என் ரெண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, மகள் காத்திருப்பாள் என்று போய்விட்டாள். நான் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நேராக, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அசையாமல் நின்றேன். கொஞ்சம் தள்ளி ஐஸ்கிறீமுக்கு ஒரு வரிசை நின்றது. கால் இழுத்தது. போகவில்லை. அப்போது ஒரு தாயும் மகளும் வந்து எனக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கிழவனும் கிழவியும். பிறகு இன்னும் ரெண்டு பேர். நான் நின்ற நிலையைப் பார்த்து அவர்களே ஏதோ நினைத்துக்கொண்டார்கள். சங்கக்கடைக்காரியின் உடம்பு அப்படி. சொல்லித் திருத்துவோம் என்று திரும்பியபோது, சனத்தை விலக்கிக்கொண்டு தம்பி ஓடி வருவது தெரிந்தது. அந்த ஐம்பது வயதில், படியிறங்கி ஓடி வருகிற அதே ஓட்டம்.

மூச்சிரைக்க வந்து நின்று, எனக்குப் பின்னால் நின்ற ஆட்களைப் பார்த்தான். டோனட் பை எண்ணெய் ஊறி ஆறிப்போயிருந்தது. கண் ரெண்டும் சிவந்திருந்தன.

"இதென்னக்கா, திரும்பவும் லைன்? என்னத்துக்கு?"

"உன்னைப் பாக்கத்தான்," என்றேன். "நான்தான் முதலாவது ஆள்."